மூன்றரை வயசு, நாலு தொட்டி, ஒரு மொட்டைமாடி: பாப்பாவுக்கு எதையெல்லாம் காட்டலாம்?

(ஒருவர் கேட்ட கேள்வியும் மற்றவர்கள் சொன்ன பதில்களும். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மாடித்தொட்டி:

மகளுக்கு மூன்றரை வயசு. சென்னை, இரண்டாவது மாடி ஃப்ளாட். பால்கனியில் கறிவேப்பிலை, எலுமிச்சை உட்பட நாலு தொட்டி. மொட்டைமாடிச் சாவி கேட்டால் கிடைக்கும். இப்போது எதைப் பார்த்தாலும் நின்றுவிடுகிற பருவம். தன் நிழலைத் தானே மிதிக்கப் பார்க்கிறாள், பாத்திரம் கழுவும் நுரையை விட்டு நகர மாட்டேன் என்கிறாள்.

நான்கு விஷயம் தெரிய வேண்டும். கறிவேப்பிலை இலை மேல் பறவை எச்சம் மாதிரி ஒன்று இருந்தது, நகர்ந்தது. அது என்ன புழு, வீட்டுக்குள் வைத்து வளர்க்கலாமா? நிழலை வைத்து என்ன காட்டலாம்? சோப்புக் குமிழி செய்தால் குச்சியிலிருந்து கிளம்பும் முன்பே உடைகிறது, ஏன்? பயறு முளைக்கப் போட்டால் இரண்டாம் நாளே நாறுகிறது, எங்கே தப்பு?

கடையில் விற்கும் கிட் எதுவும் வேண்டாம். எது சொதப்பும், ஏன் சொதப்பும் என்று சேர்த்தே சொல்லுங்கள். அவள் வாயைத் திறந்தபடி பார்க்கிற அந்த அரை நிமிஷம்தான் கணக்கு. உண்மையைச் சொன்னால் அது அவளைவிட எனக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

இலைப்புழு:

நீங்கள் பார்த்தது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி (பேப்பிலியோ டெமோலியஸ்) அல்லது காமன் மார்மன் (பேப்பிலியோ பாலிட்டிஸ்) புழுவாக இருக்கும். இரண்டுமே கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் குடும்பத்துச் செடிகளில் தளிர் பார்த்து ஒற்றை ஒற்றையாக முட்டை இடும். வெளிர் மஞ்சள் உருண்டை, கடுகைவிடச் சிறியது. மூன்று நான்கு நாளில் பொரியும். முதல் சாப்பாடு அதன் முட்டை ஓடு.

புழு நான்கு முறை தோல் உரிக்கும். நான்காவது முறை உரிக்கும் வரை எச்ச வேஷம்தான், பறவை ஏமாறுவதற்காக. கடைசித் தோலுக்குள் வந்ததும் பச்சைப்பசேல் என்று வேறு ஆளாகிவிடும். ராத்திரி கருப்பு வெள்ளையாக விட்டுப்போன புழு காலையில் பச்சையாக நிற்பதைப் பிள்ளை பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். "வேற புழு வந்துருச்சு" என்றுதான் முதலில் சொல்லும். அதே புழுதான் என்று காட்டுவதற்கு உரித்த தோலைத் தேடாதீர்கள், பெரும்பாலும் தின்றிருக்கும். முந்தின நாள் எடுத்த போட்டோவையும், பெட்டிக்குள் ஒரே ஒரு புழு இருப்பதையும் காட்டுங்கள்.

பெட்டி எளிது. இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா, அடியில் டிஷ்யூ காகிதம், மேலே மூடிக்குப் பதில் கொசுவலைத் துணி, சுற்றி ரப்பர் பேண்ட். கறிவேப்பிலைக் கொத்தைக் காம்போடு வெட்டி, மருந்துக் குப்பி அளவுள்ள பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகுங்கள். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்க மறக்கக் கூடாது. அடைக்காவிட்டால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிச் சாகும். வீட்டு வளர்ப்பில் அதிகம் நடக்கிற விபத்து இதுதான். இலை வாடுவதற்குள் மாற்ற வேண்டும். எச்சத்தைத் தினமும் கொட்டி டிஷ்யூ மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் தெளிக்க வேண்டாம், இலையில் இருக்கிற ஈரமே அதற்குப் போதும். கண்ணாடி ஜாடியில் போட்டு ஜன்னல் வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும்.

கடைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். மருந்து அடித்த இலையை எத்தனை தடவை கழுவினாலும் புழு சுருண்டு விழும். சொந்தச் செடி, அல்லது மருந்து அடிக்காத பக்கத்து வீட்டுச் செடி. தொட்டிச் செடி என்றால் இரண்டு புழுவுக்கு மேல் எடுக்காதீர்கள். வாழ்நாளில் தின்பதில் பெரும்பகுதியைக் கடைசிப் பச்சைப் பருவத்தில்தான் தின்னும், அந்த நாலைந்து நாளில் சின்னச் செடி மொட்டையாகிவிடும். ரசத்துக்குத் தாளிக்க இலை இல்லை என்று வீட்டில் வழக்கு வரும்.

பிள்ளைக்குக் காட்ட வேண்டியவை: பச்சைப் புழுவின் முன்பக்கம் பெரிய கண் மாதிரித் தெரிவது கண்ணே இல்லை, வெறும் புள்ளி. நிஜத் தலை அதற்குக் கீழே சின்னதாக மடங்கி இருக்கும். இலையை லேசாக ஆட்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டை மாதிரி இரண்டு கொம்பு நீளும், புளித்த வாடை அடிக்கும். ஒரு தடவை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் சீண்டினால் புழு தின்பதை நிறுத்தும். அறையில் மின்விசிறியை அணைத்துவிட்டுப் பெட்டி அடியில் வெறும் காகிதம் விரித்தால் எச்சம் விழும் சத்தம் கேட்கும். மூன்றரை வயசுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது.

விரலால் பிடுங்கி எடுக்க வேண்டாம், கால் பிய்யும். இலையோடு சேர்த்து மாற்றுங்கள். தலையைத் தூக்கி ஒரு நாள் அசையாமல் இருந்தால் தோல் உரிக்கத் தயாராகிறது, தொடவே கூடாது.

இன்னொன்றையும் முதல் நாளே சொல்லி வையுங்கள்: வழுவழுப்பான புழு சரி, முடி இருக்கிற புழு கண்ணால் மட்டும். முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சியின் முடி பட்டால் தோல் தடித்து அரிக்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து முடியை நீக்கிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

உச்சிவெயில்:

நிழல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மொட்டைமாடியில் காலை 8 மணிக்கு அவளை நிற்கவைத்து முதலில் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள், அப்புறம் நிழலைச் சுற்றி. பாதக் கோடு இல்லையென்றால் மறுபடி அதே இடத்தில் நிற்கவைக்க முடியாது, எல்லாம் குழம்பும். அடுத்து 10 மணி, அப்புறம் மாலை 4. ஒவ்வொன்றுக்கும் வேறு நிறச் சாக்பீஸ். "நீ அங்கேயேதான் நிக்கிற, நிழல் எங்கே போச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பூமி சுற்றுகிற கதை இப்போது வேண்டாம். நிழலைத் துரத்தி ஓடுவாள், ஓடட்டும். மதியம் வெறுங்காலோடு விடாதீர்கள், சென்னையில் தளம் சுடும் சூட்டுக்குக் கொப்புளம் வரும்.

ஊர் சென்னை என்பதால் ஒரு வசதி. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் இருக்கிற எல்லா ஊரிலும் வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அந்த நிமிஷம் நிழல் காலடிக்குள் போய்விடும். சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். மதுரைக்கு ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27 ஒட்டி. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, செப்டம்பர் 1 ஒட்டி. ஒரு நாள் முன்பின் ஆனாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, அதனால் மேகம் வந்தால் மறுநாள் பாருங்கள். நேரம் சரியாக 12 அல்ல. நம் கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, சென்னை அதற்கு மேற்கே இருக்கிறது. ஏப்ரலில் 12:07 சுமாருக்கும், ஆகஸ்டில் 12:13 சுமாருக்கும் வரும். 12 மணிக்குப் பார்த்துவிட்டு "நிழல் இருக்கே" என்று இறங்கிப் போகிறவர்கள் உண்டு.

இதில் சொதப்புவது மொட்டைமாடித் தளம். மழைநீர் வடிய அதைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். அதன் மேல் பாட்டில் வைத்தால் பாட்டிலும் சாய்ந்து நிற்கும், ஒரு பக்கம் மெல்லிய நிழல் விழும். ஒரு பலகை போட்டு, மேலே தட்டில் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும் வரை அடியில் அட்டை செருகிச் சமன் செய்யுங்கள். பிறகு தட்டை எடுத்துவிட்டு ஒரு அடி நீள பிவிசி குழாயை நிமிர்த்தி வையுங்கள். குழாய்க்கு வெளியே நிழல் இருக்காது, உள்ளே அடிவரை வெளிச்சம் வட்டமாக இறங்கும். மேலிருந்து எட்டிப் பார்க்கவிடாதீர்கள், அவள் தலை மறைத்துவிடும். கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து அதன் மேல் பொம்மையை நிறுத்தினாலும் போதும். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மூன்றரை வயசு "உச்சியில" என்றதும் மேலேதான் பார்க்கும். தொப்பி போட்டு, தரையைக் காட்டியே பேசுங்கள்.

ராத்திரிக்கு: சுவரிலிருந்து 2 மீட்டரில் போன் டார்ச். நடுவில், 1 மீட்டரில் பொம்மை வைத்தால் நிழல் இரண்டு மடங்கு. டார்ச்சிலிருந்து அரை மீட்டரில் வைத்தால் நாலு மடங்கு. டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. அது நாலு அடி நீள விளக்கு, ஒரு முனையின் வெளிச்சம் இன்னொரு முனை போடும் நிழலை அழித்துவிடும்.

நுரைக்காரர்:

குமிழி கிளம்பும் முன் உடைவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். போர் தண்ணீரில் சோப்பு திரிந்து போகும். குடிக்கிற ஆர்ஓ தண்ணீர் ஒரு டம்ளர் (150 மிலி), பாத்திரம் கழுவும் திரவம் 25 மிலி, மருந்துக் கடைக் கிளிசரின் ஒரு டீஸ்பூன். நுரை வராமல் மெதுவாகக் கலக்கி ஒரு ராத்திரி மூடி வையுங்கள். நுரை இருந்தால் எடுத்துவிடுங்கள், நுரையில் முக்கிய வளையம் நல்ல குமிழி தராது. துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், கண்ணில் பட்டால் எரிச்சல் அதிகம்.

மதியக் காற்றில் உடையும். மழை விட்ட சாயங்காலம் நிற்கும். ஈரப்பதம் இருந்தால் படலம் சீக்கிரம் காயாது, அவ்வளவுதான். கையை அதே கரைசலில் நனைத்துவிட்டுக் குமிழியை ஏந்தச் சொல்லுங்கள், உள்ளங்கையில் உட்காரும். காய்ந்த கை பட்டால் போச்சு. இந்த இரண்டையும் அவளே கண்டுபிடிக்க விடுங்கள்: ஒரு கை நனைத்து, ஒரு கை நனைக்காமல்.

ஸ்ட்ராவால் ஊதினால் குழந்தை உறிஞ்சிவிடும். வாயில் வைக்கும் முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஊசியால் ஒரு ஓட்டை போட்டால் ஊதலாம், உறிஞ்சினால் காற்றுதான் வரும், திரவம் ஏறாது. பப்பாளி இலைக் காம்பு தாராளமாகக் கிடைக்கிற இடம் என்றால் அதைவிட நல்ல குழாய் கிடையாது, ஆனால் வெட்டியதும் பால் வடியும், உதட்டில் பட்டால் எரியும். வெட்டி, கழுவி, அரை மணி நேரம் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொடுங்கள். காட்டாமணக்குப் பாலில் குமிழி ஊதும் பழைய விளையாட்டை யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்தச் செடியின் கொட்டை விஷம், அது கிடக்கிற இடத்தில் இந்த வயசுக் குழந்தையை விடவே கூடாது.

வழவழப்பான டைல்ஸ் தரையில் செய்யாதீர்கள். சிந்தினால் வழுக்கும்.

பயறுமூட்டை:

பயறு நாறுவது தண்ணீர் அதிகமாகி மூச்சு முட்டுவதால். ஊறியது வேறு, மூழ்கிக் கிடப்பது வேறு. எட்டு மணி நேரம் ஊறவைத்தபின் தண்ணீர் முழுக்க வடிய வேண்டும்.

தட்டில் போடுவதைவிடக் கண்ணாடி டம்ளர் நல்லது, வேர் தெரியும். டிஷ்யூவை உள்சுவரை ஒட்டிச் சுருட்டி வைத்து, நடுவில் பஞ்சு அடைத்து, ஊறிய பயறை டிஷ்யூவுக்கும் கண்ணாடிக்கும் இடையில் அரை உயரத்தில் நாலு செருகுங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் மட்டும், டிஷ்யூ உறிஞ்சிக்கொள்ளும். பயறைத் தண்ணீர் தொடக் கூடாது. பச்சைப்பயறு ஒரு நாளில் வேர் விடும், நாலாம் நாள் இலை தெரியும். மூன்றாம் நாள் டம்ளரைப் படுக்க வைத்துப் பாருங்கள். மறுநாள் வேர் வளைந்து மறுபடி கீழே போகும், தண்டு மேலே திரும்பும்.

உடைத்த பாசிப்பருப்பு முளைக்காது. ஆனால் வேண்டுமென்றே பக்கத்து டம்ளரில் அதையும் போடுங்கள், ஒன்று முளைக்கும், ஒன்று முளைக்காது, பிள்ளை கேள்வி கேட்கும். வெந்தயம் கொழகொழவென்று ஆகும். கொத்தமல்லி வேண்டாம், முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அவள் அதை மறந்திருப்பாள். பெரிய விதை நன்றாகத் தெரியுமே என்று மொச்சை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூக்கில் போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊதிப்போய் எடுக்க முடியாது. எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள்.

வெறுங்கண்:

மேலே சொன்னதில் புழு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பெட்டியில் வைத்தால் பிள்ளை பெட்டியைத்தான் பார்க்கும். செடியிலேயே விட்டால் எறும்பு வரும், சிலந்தி வரும், தையல்சிட்டு வந்து கொத்தும், அதுவும் பார்க்க வேண்டியதுதானே. கிளையைச் சுற்றிக் கொசுவலைப் பை கட்டுவது நடுவழி. தண்ணீர் பாட்டில், வாடும் இலை, பூஞ்சை எந்தத் தொல்லையும் இல்லை. பை வாயைக் கிளையோடு சேர்த்துப் பஞ்சு வைத்துக் கட்டாவிட்டால் புழு நழுவிவிடும்.

இலைப்புழு:

பை நல்ல யோசனைதான், பால்கனிச் செடிக்குப் பொருந்தும். ஆனால் முட்டையாகவோ சின்னப் புழுவாகவோ இருக்கும்போதே கட்ட வேண்டும். பெரிதான பிறகு கட்டினால் அதற்குள் ஒட்டுண்ணிக் குளவியோ ஈயோ அதன் உடம்பில் முட்டை வைத்திருக்கக்கூடும். அப்போது பை கட்டியும் பயனில்லை.

மாடித்தொட்டி:

எல்லோருக்கும் நன்றி. டப்பா முறையில் ஒன்று, பை கட்டி ஒன்று என்று இரண்டு புழு. டப்பாப் புழு பச்சையாகி ஐந்தாம் நாள். நேற்றிலிருந்து தின்னவில்லை. தண்ணீராகப் பேதி மாதிரிப் போயிருக்கிறது, டப்பா முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. நோயா? பாப்பா "அதுக்கு வயித்து வலி" என்கிறாள், ஓமவாட்டர் கொடுக்கச் சொல்கிறாள்.

இலைப்புழு:

ஓமவாட்டர் வேண்டாம். அது கூட்டுப்புழு ஆகப்போகிறது. வயிற்றில் இருப்பதை எல்லாம் வெளியேற்றிவிட்டு இடம் தேடி அலையும், சில நேரம் ஒரு நாள் முழுக்க. உள்ளே சாய்வாக இரண்டு காய்ந்த குச்சி வையுங்கள், பென்சில் தடிமன், சொரசொரப்பாக. வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டாலும் பூச்சி வெளிவரும்போது காலுக்குப் பிடிப்பு இருக்காது. குச்சியில் உட்கார்ந்ததும் வால் முனையைப் பட்டுத் திண்டில் ஊன்றி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூல் கட்டிக்கொண்டு கூன் போட்டு நிற்கும். மறுநாள் கடைசித் தோல் கழன்று கூடு தெரியும். சுற்றியிருப்பதைப் பொறுத்து பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும்.

நோய் என்றால் இப்படி ஓடாது. தளர்ந்து, கறுத்து, தொங்கி, நாற்றமடிக்கும் நீர் கசியும். அந்த மாதிரி ஆனால் டப்பாவோடு தூக்கிப் போடுங்கள், அதில் அடுத்த புழுவை வைக்காதீர்கள்.

கூடு எட்டு முதல் பத்து நாள். பொறுமை சோதிக்கும் கட்டம் இது, பிள்ளை மூன்றாம் நாளே ஆர்வம் இழக்கும். விட்டுவிடுங்கள். காலண்டரில் தினம் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள், போதும். கூடு கீழே விழுந்துவிட்டால் பயமில்லை, டிஷ்யூ மேல் படுக்க வைத்து, ஏறிப்போக ஒரு சொரசொரப்பான துணியைப் பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தொங்கவிடுங்கள்.

சிலசமயம் கூட்டில் ஊசித்துளை தெரியும், சின்னக் குளவிகள் வெளியே வரும். பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். "இதுக்குள்ள வேற ஒரு குட்டி வளர்ந்திருக்கு" என்று உள்ளதைச் சொல்லலாம். பெரியவர்கள் அளவுக்கு அவர்கள் இடிந்துபோவதில்லை.

மாடித்தொட்டி:

ஒன்பதாம் நாள். கூடு கறுத்துப்போயிற்று. அழுகிவிட்டதா?

இலைப்புழு:

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கறுப்புக்குள் மஞ்சள் புள்ளியோ வெள்ளைப் புள்ளியோ தெரிந்தால் அது சிறகு, கூட்டுத் தோல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. நாளைக் காலை வந்துவிடும், பெரும்பாலும் வெயில் ஏறும் நேரத்தில். அவளை ஆறரைக்கே எழுப்பி உட்காரவையுங்கள். கூடு பிளந்து வெளியே வருவது ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், பல் தேய்க்கப் போனால் தவறிப்போகும்.

வரும்போது சிறகு கசங்கிய துணி மாதிரி இருக்கும். ஊனம் என்று உதவப் போகாதீர்கள். குச்சியில் தலைமேலாகத் தொங்கிக்கொண்டு பத்து இருபது நிமிஷத்தில் விரித்துவிடும், காய ஒன்றிரண்டு மணி நேரம். கீழே தொங்க இடம் இல்லாவிட்டால் சிறகு மடிந்தபடியே காய்ந்து, பறக்கவே முடியாமல் போகும், அதனால் குச்சிக்குக் கீழே நாலு விரல் இடைவெளி இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். கலங்கலாக ஒரு துளி திரவம் விடும், அது ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பார்த்தால் அழுவாள்.

மஞ்சள் புள்ளி, பின்சிறகில் ஒரு சிவப்புப் பொட்டு, வால் இல்லை என்றால் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. வாலும் பின்சிறகு குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசையும் இருந்தால் மார்மன் ஆண். மார்மன் பெண் பல வேஷத்தில் வரும், சிலது விஷமுள்ள வேறு பூச்சியின் சிவப்பைக் காப்பியடித்திருக்கும். பைக்குள் இருக்கிற இன்னொன்று இதே மாதிரி வராவிட்டால் குழம்ப வேண்டாம்.

அன்றைக்கே தேன் கொடுக்க வேண்டியதில்லை. சிறகை விரித்து மூடிப் பார்க்க ஆரம்பித்ததும் குச்சியோடு இட்லிப்பூச் செடி பக்கம் கொண்டுபோய் வையுங்கள். மழை பெய்தால் விட்டதும் வையுங்கள்.

மாடித்தொட்டி:

மஞ்சள் புள்ளி தெரிகிறது. அலாரம் ஆறேகால்.